கன்று திருட்டும் காவல் நிலையமும்: மலேசியாவின் பினாங்கு மாநிலத்துத் தென் செபராங் பிறைக்கு ஆள் போதுமா?

செம்பனைக்காட்டான்:
மூன்று வாரத்துக்கு முன் மாமாவின் கன்றுக்குட்டியைச் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்குள்ளேயே அறுத்துக் கறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் கயிறும் குடலும்தான் கிடந்தன, மேலே ஈ மொய்க்கிறது. மோட்டாரில் அரை மணி நேரம் ஓடி ரிப்போட் போடப் போனோம். அதிகாரி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். (எந்த நிலையம் என்று கேட்காதீர்கள்.) மாமாவுக்கு அன்றைய கூலி போச்சு. 2014-இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து, அது வந்து இறங்கும் பத்து காவான் பக்கம் தொழிற்சாலை, அடுக்குமாடி என்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் யார் பார்க்கிறார்கள்? எங்களுக்குக் கூடுதல் ஆள் வேண்டும்.

ஜார்ஜ்டவுன்காரன்:
கன்று போனது பாவம்தான். ஆனால் ஆள் போடுவதற்கு ஒரு கணக்கு வேண்டாமா? 2010-இல் கூட்டரசு அரசாங்கத்தின் உருமாற்றுத் திட்டம் வந்தபோது கோலாலம்பூர், சிலாங்கூர், ஜொகூர், பினாங்கு நான்கிலும் 50 இடங்களைக் குறித்து அங்கே போலீஸைக் குவித்தார்கள். கேஸ் அதிகம், அதனால் ஆள் அதிகம். இதில் என்ன தப்பு?

செம்பனைக்காட்டான்:
கேஸ் அதிகம் இல்லை, ரிப்போட் அதிகம். இது மாமாவுக்கு மூன்றாவது கன்று. முதல் இரண்டுக்கும் "எவன் போய் உட்காருவது" என்று விட்டுவிட்டார். திருட்டு மூன்று, உங்கள் கணக்கில் ஒன்று. நிலையம் தூரம் என்று நாங்கள் போவதில்லை. நாங்கள் போகவில்லை என்று ஆள் வருவதில்லை.

பழைய சார்ஜன்:
இரண்டு பேருமே தலையை எண்ணுகிறீர்கள். ஷிப்டை எண்ணுங்கள். ஒரு ரோந்துக் காருக்கு இரண்டு பேர். எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட், ஆறு பேர். ஓய்வு நாள், லீவு, கோர்ட், பயிற்சி எல்லாம் கழித்தால் ஒன்பது பேராவது இல்லாமல் அந்த ஒரே கார் இரவும் பகலும் ஓடாது. "ஐந்து பேர் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ரோட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் கூடுவார், அவ்வளவுதான். அப்புறம் பிரமுகர் வருகிறார், தேர்தல் வருகிறது என்றால் சின்ன நிலையத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். என் காலத்தில் அப்படித்தான்.

ஜார்ஜ்டவுன்காரன்:
சரி அண்ணே, அப்போ மாநில அரசு பார்த்து ஏதாவது செய்யட்டுமே?

பழைய சார்ஜன்:
ஒரு கான்ஸ்டபிளைக்கூட மாநிலம் நியமிக்க முடியாது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் போலீஸ் கூட்டரசின், அதாவது மத்திய அரசாங்கத்தின், கையில். மாநிலம் நிலம் தரலாம், விளக்கு, கேமரா போடலாம். சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்துத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஜார்ஜ்டவுன்காரன்:
அப்படியென்றால் ருக்குன் தெத்தாங்கா, அந்த அக்கம்பக்கத்தார் காவல் அமைப்பு, எதற்கு இருக்கிறது? 1975-இலிருந்து நடக்கிறது. எங்கள் தமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாரம் இரண்டு இரவு டார்ச் எடுத்துக்கொண்டு சுற்றுகிறோம். தோட்டத்துப் பையன்களும் சுற்றலாமே. ஊருக்கு ஊர் நிலையம் கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

செம்பனைக்காட்டான்:
பையன்களா? பாதிப் பேர் பத்து காவானில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மீதிப் பேர் சிங்கப்பூர். தோட்டத்து லய வீடுகளில் ராத்திரி இருப்பது பாட்டிகளும் பிள்ளைகளும். ரோந்துக்கு நான்கு தாத்தாக்கள் தேறுவார்கள், அதில் ஒருவருக்குப் போன வாரம்தான் கண் ஆபரேஷன். உங்கள் தமானில் தெருவிளக்கு இருக்கிறது அண்ணே. இங்கே செம்பனை மரத்துக்கு நடுவில் பாராங் வெட்டுக்கத்தியோடு நான்கு பேர் நின்றால் தாத்தா டார்ச் அடித்து என்ன செய்வார்?

ஜார்ஜ்டவுன்காரன்:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரிப்போட் போடாத திருட்டுக்கு ஆள் கேட்டால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

பழைய சார்ஜன்:
இதில் அவர் சொல்வது நியாயம், தம்பி. பழைய இரண்டுக்கும் இப்போதாவது போடுங்கள். எந்த நிலையத்திலும் போடலாம், ஏன் தாமதம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு நான்கு வாரம் ஆனதும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின் கீழ் விசாரணை நிலவரம் என்ன என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் தந்தாக வேண்டும். பலருக்கு இது தெரியாது.

செம்பனைக்காட்டான்:
நன்றி அண்ணே. மிச்சம் இருந்த இரண்டு மாட்டையும் மாமா நேற்று விற்றுவிட்டார், "இனிமேல் காவல் காக்க முடியாது" என்று. ரிப்போட் தாள் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வியாழக்கிழமை நான்கு வாரம் முடிகிறது, அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். கடிதம் மலாயில் எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.