புதுப்பிப்பு: அக்கா வீட்டு பைரனீஸ் நாயும் முயல்களும்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்த கிரேட் பைரனீஸ் நாய் (ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய இனம்), அங்குள்ள முயல்களை ஏதாவது செய்துவிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. முயல்கள் நலமாக இருக்கின்றன.

‘மந்தைக் காவல் நாய்தானே, பயப்படாதீர்கள்’ என்று சிலர் தேற்றினீர்கள். அது பாதி உண்மை. இந்த இனங்களுக்கு வேட்டை வெறி குறைவு. ஆனால் குட்டிப் பருவத்தில் பழகிய உயிர்களைத்தான் எளிதில் தன் கூட்டமாக ஏற்கும். ஆஸ்திரேலியாவின் மிடில் தீவில் 2006 முதல் மரெம்மா என்ற மந்தைக் காவல் நாய்கள் சின்னஞ்சிறு பென்குவின்களை நரிகளிடமிருந்து காத்தன. அவற்றுக்கும் பழக்கம் தேவைப்பட்டது.

அக்காவின் நாய்க்கு வயது ஒன்றரை. இந்த வயதில் கடியைவிட விளையாட்டுத்தான் ஆபத்து. துரத்திப் போய் முன்னங்காலை மேலே வைத்தாலே முயலின் முதுகெலும்பு முறிந்துவிடலாம். அதனால் கம்பித் தடுப்புக்கு வெளியே, வாரைப் பிடித்தபடியே பழக்கினோம். முதலில் உடல் விறைத்து, இமைக்காமல் பார்த்தது; உடனே அப்பால் அழைத்துச் சென்றோம். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாடையைத் தரையில் வைத்துப் படுக்கிறது. முயல் வைக்கோலைக் கொறித்தால் காது மட்டும் அசைகிறது. பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீட்டில்) வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது, அங்கே இவ்வளவு பெரிய இனத்துக்கு அனுமதி இல்லை. இந்த அடர்ந்த ரோமத்துக்கு நம் வெயிலும் கொடுமை, நடை விடியற்காலையில்தான்.

பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறினால் இன்னும் குரைத்து விரட்டுகிறது. வீட்டு உயிர்களிடம் காட்டும் பொறுமையை வெளியிலிருந்து வருபவற்றிடமும் காட்டும் என்று நம்பக் கூடாது. இரண்டு வயது தாண்டும்வரை தடுப்பை எடுப்பதாக இல்லை.