சுற்றுச்சூழல் பொறியியல்: கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. தங்கச்சி பிளஸ் டூ முடிச்சுட்டா, கவுன்சலிங்குக்கு சாய்ஸ் போடணும். பி.இ. சுற்றுச்சூழல் பொறியியல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாங்க திருப்பூர். 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டு வெளிய விடக்கூடாதுன்னு ஆர்.ஓ. (சவ்வு வழியா தண்ணியைச் சுத்தம் பண்றது), எவாப்பரேட்டர் (மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்குறது)னு போட்டு ஓட்டுறாங்க. அதனால வேலைக்குப் பஞ்சமில்லங்கிறது அவ கணக்கு.

என் கணக்கு வேற. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷம் ஒன்றரை லட்சம். நாலு வருஷத்துக்கு ஆறு லட்சம். தனியார் பள்ளியில படிச்சதால அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5% ஒதுக்கீடு கிடையாது. முதல் பட்டதாரி சலுகையை நானே வாங்கித் தின்னாச்சு! அடமானம் இல்லாம பேங்க்ல நாலு லட்சம் கடன் வாங்கலாம், சரி. ஆனா படிக்கும்போதே வட்டி ஏறுமே. முடிச்சதும் ஏழு வருஷத்துக்கு மாசம் எட்டாயிரம் கட்டணும். சுத்திகரிப்பு பிளான்ட்ல ஆரம்பச் சம்பளம் பதினஞ்சு, பதினெட்டாயிரம்தான்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார், அதுவும் நைட் ஷிஃப்ட்டோட.

இந்தத் துறையில இருக்கிறவங்க சொல்லுங்க: அஞ்சு வருஷ அனுபவத்துல கைக்கு எவ்வளவு வருது? சிவில் இல்லன்னா கெமிக்கல் படிச்சுட்டு எம்.இ.ல இதை எடுத்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பரீட்சை, கன்சல்டன்சி ரெண்டுக்கும் வழி அகலமா இருக்குமா? பிளான்ட்ல வேலை பாக்குற பொண்ணுங்க யாராவது இருந்தா அவகிட்டயே பேசுங்க, இன்பாக்ஸ்ல வாங்க. நான் சொன்னா எங்க கேக்குறா.