மாடிக்கு மாடி பில்லர் விலகுது: சென்டர் லைனை மேலே எப்படி ஏற்றுவது?

புது_சைட்
வணக்கம். ஸ்டில்ட் (கீழே திறந்த பார்க்கிங் தளம்) + 4 மாடி அடுக்குமாடி வேலை. வெளிக் கிரிட் (பில்லர் மையக் கோடுகளின் வலை) 18.3 × 12.2 மீட்டர், பில்லர் 230 × 450 மி.மீ. இரண்டாம் மாடித் தளம் கான்கிரீட் முடிஞ்சது. ஸ்டார்ட்டர் (பில்லர் அடியில் முதலில் போடுற சின்ன கான்கிரீட் மேடை) போட சென்டர் லைன் அடிச்சுப் பார்த்தா ஒரு பில்லர் கம்பி 22 மி.மீ. தள்ளி நிற்குது. மூலைவிட்டம் இரண்டுக்கும் 18 மி.மீ. வித்தியாசம். இதுவரை கீழ் பில்லர் முகத்தைப் பிடிச்சு, தூக்குக்குண்டு விட்டுத்தான் மேலே குறிச்சோம். கையில் ஆட்டோ லெவலும் (மட்டம் பார்க்கிற கருவி) 30 மீட்டர் ஸ்டீல் டேப்பும் மட்டும். கம்பியைத் தட்டி வளைச்சுக்கலாம்னு மேஸ்திரி சொல்றார். செய்யலாமா? அடுத்த மாடியில இது திரும்ப வராம இருக்க என்ன வழி?

கான்கிரீட்_கணக்கு
தட்ட விடாதீங்க தம்பி. தளத்தில் இறுகிப்போன கம்பியைச் சம்மட்டியால் வளைச்சா வளைவு சரியா ஸ்லாப் மட்டத்திலேயே விழும். அடியில் கான்கிரீட் பிளந்துவிடும். ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) சொல்றது இதுதான்: பில்லர் கம்பியை விலக்கி ஏற்றணும்னா சரிவு 6-க்கு 1-ஐ மீறக்கூடாது, அதுவும் பாக்ஸில் (கான்கிரீட் ஊற்றுற அச்சு) வைக்கிறதுக்கு முன்னாடியே வளைச்சிருக்கணும். 22 மி.மீ.க்கு 132 மி.மீ. நீளம் வேணும். உங்க கம்பியில் அந்த நீளம் ஏற்கெனவே கான்கிரீட்டுக்குள்ள புதைஞ்சிருக்கு.

கம்பியைத் தொடாம பாக்ஸை மட்டும் சரியான கிரிட்டில் நிறுத்தினா? கவர் (கம்பிக்கு வெளியே இருக்கிற கான்கிரீட் கனம்) 40 மி.மீ. வரவேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 18, மறுபக்கம் 62. கவர் 10 மி.மீ. கூடலாம், குறையக்கூடாதுங்கிறதும் அதே ஐ.எஸ். 456 விதிதான். ஆக இது சைட்டில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை. அளந்ததை வரைபடமா ஸ்ட்ரக்சுரல் டிசைனருக்கு அனுப்புங்க. விலகல் 230 பக்கமா, 450 பக்கமா என்று அதில் இருக்கணும். 450 பக்கம்னா சுவருக்குள்ளேயே மறைஞ்சிடும். 230 பக்கம்னா சுவரைத் தாண்டி நீட்டும், பூச்சில் மறைக்கப் பார்ப்பாங்க, விலகல் பில்லர் அகலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. டிசைனில் குறைந்தபட்ச எக்சென்ட்ரிசிட்டியா (சுமை பில்லர் மையத்திலிருந்து தள்ளி விழுற தூரம்) 20 மி.மீ. எடுத்திருப்பாங்களேன்னு யாராவது சொல்வாங்க. அது சைட்டுக்குக் கொடுத்த அனுமதி இல்லை.

அதுக்கு முன்னாடி இன்னொன்று: கீழ் மாடி பில்லரை அடியிலும் தலையிலும் தனித்தனியா அளந்து பாருங்க. இரண்டும் ஒரே அளவு விலகினா லே-அவுட் தப்பு. தலை மட்டும் விலகினா பாக்ஸ் சாய்ஞ்சது.

நூல்_பிடி
மூலைவிட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 18.3-க்கும் 12.2-க்கும் வரவேண்டியது 21.994 மீட்டர். 18 மி.மீ. வித்தியாசம்னா மூலை 90 டிகிரியிலிருந்து சுமார் 3 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி) விலகியிருக்கு, 12.2 மீட்டர் கோட்டின் நுனியில் அது 11 மி.மீ. ஆகுது. மூலை மட்டம் (L வடிவச் சட்டம்) வச்சுப் பிடிச்ச மூலையா இருந்தா இப்படித்தான் வரும், அதோட கை ஒரு மீட்டர்கூட இல்லை. 3-4-5 (பக்கங்கள் இந்த விகிதத்தில் வந்தா மூலை 90 டிகிரி) போட்டாலும் 3 மீட்டரில் நிறுத்தாம 9-12-15 போடுங்க, உங்க கட்டடத்துக்குள்ள அடங்கும்.

டேப் விஷயம் யாரும் கவனிக்கிறதில்லை. ஸ்டீல் டேப் 20 டிகிரிக்குத் தரப்படுத்தினது. மத்தியான வெயிலில் டேப் 40 டிகிரி ஆனா 30 மீட்டருக்கு 7 மி.மீ. நீளும். காலையில் ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் குறிச்சா இரண்டும் பொருந்தாது. காலை 8 மணிக்குள்ள முடிங்க. பில்லருக்குப் பில்லர் தனித்தனியா அளக்காம, பூஜ்யத்தை ஒரு மூலையில் பிடிச்சு மொத்த அளவா ஓட்டுங்க. 6 இடைவெளியில் தலா 2 மி.மீ. தவறினாலே 12 ஆயிடும்.

புது_சைட்
நன்றி சார். அளந்தாச்சு. விலகல் 230 பக்கம்தான். முதல் மாடி பில்லர் அடியில் 9, தலையில் 20. டிசைனருக்கு அனுப்பியாச்சு. காம்பவுண்ட் சுவரில் அடிச்ச ஆரம்பக் குறிகள் இன்னும் இருக்கு.

கான்கிரீட்_கணக்கு
அப்போ தப்பு இரண்டு. 9 கீழிருந்து வந்தது, 11 பாக்ஸ் சாய்ஞ்சது. கான்கிரீட் ஊற்றி முடிச்ச கையோடு, இறுகறதுக்குள்ள இரண்டு முகத்திலும் குண்டு விட்டுப் பார்த்தா அந்த 11-ஐ ஜாக்கியைத் திருகியே எடுத்திருக்கலாம். ஊற்றுறதுக்கு முன்னாடி மட்டும் பார்க்கிறதுதான் நிறைய சைட்டில் நடக்குது.

கிரிட்_காவலன்
குறி இருக்கிறது அதிர்ஷ்டம். முதலில் அது அழியாம, லாரி இடிக்காம காப்பாத்துங்க.

மேலே போகிற எந்தக் கோடும் கீழ்த் தளத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்துதான் வரணும். கீழ் மாடி பில்லரிலிருந்து வரவே கூடாது. பில்லர் முகத்தில் பாக்ஸ் உப்பின 5 மி.மீ.யும் சேர்ந்துதான் இருக்கும். அதைப் பிடிச்சா மாடிக்கு மாடி ஏறிட்டே போகும்.

அந்தக் குறிகளை வச்சு ஸ்டில்ட் தரையில் கிரிட்டுக்கு 1 மீட்டர் உள்ளே தள்ளி, இரண்டு திசையிலும் இரண்டிரண்டு கோடு அடிங்க. கிரிட்டிலேயே அடிச்சா பில்லர் மறைக்கும். வெட்டுற நாலு இடத்தில் கான்கிரீட் ஆணி. இனி போடுற ஸ்லாபில் அதுக்கு நேர் மேலே 150 × 150 ஓட்டை விடுங்க, பீமுக்கு வெளியே; கம்பியை வெட்டாம ஒதுக்குங்க. ஏற்கெனவே போட்ட இரண்டு தளத்துக்கு டிசைனர் சம்மதிச்சா கோர் கட்டிங் (மெஷினால் வட்ட ஓட்டை துளைக்கிறது), இல்லேன்னா ஸ்லாப் ஓரத்தில் பலகை நீட்டி வெளியே குண்டு இறக்கலாம். நூல் வேண்டாம், மெல்லிய கம்பி. 3 கிலோவுக்குக் குறையாத குண்டு, ஆட்டம் அடங்க வாளித் தண்ணிக்குள்ள தொங்கணும். நாலு புள்ளியும் மேலே வந்ததும் பக்கம் நாலு, மூலைவிட்டம் இரண்டு அளங்க. 3 மி.மீ.க்கு மேல் போனா ஒரு கோடும் அடிக்காதீங்க, குண்டை மறுபடி இறக்குங்க. எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் 1 மீட்டர் வெளியே தள்ளி கிரிட்.

லிஃப்ட் ஷாஃப்ட் இருந்தா அதுக்கு நாலு மூலையிலும் தனியா குண்டு விடுங்க. உச்சியிலிருந்து அடிவரைக்கும் நேரா கிடைக்கிற சுத்த அளவுதான் அங்கே கணக்கு.

நூல்_பிடி
முடிஞ்சா அந்த நாலு புள்ளிக்கு மட்டும் ஒரு நாள் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கிற கருவி) வாடகைக்கு எடுங்க. 5 செகண்ட் (60 செகண்ட் ஒரு கோண நிமிடம்) மெஷினே போதும், 50 மீட்டரில் 1.2 மி.மீ.தான் கோணப் பிழை. மெஷினில் போட்டிருக்கிற ப்ரிஸம் கான்ஸ்டன்ட் (கதிரைத் திருப்பி அனுப்புற ப்ரிஸத்துக்கான தூரத் திருத்தம், மி.மீ.யில்) கையில் இருக்கிற ப்ரிஸத்துக்குப் பொருந்துதான்னு பாருங்க. 0, -30 மாறிப்போனா ஒவ்வொரு தூரமும் 30 மி.மீ. தப்பும். டேப்பில் 20 மீட்டர் பிடிச்சு ஒத்துப் பார்த்துட்டு ஆரம்பிங்க. பத்துப் புள்ளிக்கு ஒரு தடவை பேக்சைட்டை (ஆரம்பத்தில் பார்த்த குறிப்புப் புள்ளி) மறுபடி பாருங்க, வெயிலில் ட்ரைபாட் நகரும்.

புது_சைட்
டிசைனர் நாளை நேரில் வர்றார். அதுவரை அந்த பில்லர் ஸ்டார்ட்டரை நிறுத்தியாச்சு. மற்ற பில்லர்களை வெளியே குண்டு இறக்கிச் சரிபார்த்துட்டு இருக்கோம்.