வெள்ளி ஊத்துற கிராஃபைட் அச்சு: பழசு மைதா, புதுசு ரவை. ஏன்?

வடசேரி_பட்டறை:
வடசேரியில கோயில் நகை வேலை செய்யுதேன். கல்லு பதிக்கதுக்கு முன்னாடி வெள்ளியை உருக்கிக் கட்டி ஊத்தி, தகடு இழுக்கணும். அதுக்கு வச்சிருந்த கிராஃபைட் அச்சு ஆறு வருசம் ஓடிச்சு. விளிம்பு தேஞ்சு போச்சேண்ணு போன மாசம் புதுசு வாங்கினேன். அதே அளவு, அதே கறுப்பு, விலை மட்டும் பாதி. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

நாலாவது ஊத்துலயே உள்பக்கம் சொரசொரப்பு. கட்டியை எடுத்தா ஒரு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அரம் போட்டு எடுத்தா வெள்ளி தூளாப் போவுது, சேதாரம் என் தலையில. கல்லு பாக்குற லென்ஸை வச்சுப் பாத்தேன். பழசு ஒரே மட்டமா மங்கலாக் கிடக்கு. புதுசுல பளிச் பளிச்சுண்ணு தனித்தனித் துகள், இடையில குழி. நகத்தால சுரண்டினா உதிருது. கடையில கேட்டா "எல்லாம் ஒரே கிராஃபைட்தான் ஆசாரி"ங்காரு. அப்படியா?

மார்த்தாண்டம்_டூல்ரூம்:
சரக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி, பக்குவம் வேற. மின்பொறியால உலோகத்தை அரிக்குற ஸ்பார்க் மெஷினுக்குக் கிராஃபைட்ல எலக்ட்ரோடு வெட்டுற எனக்கு இது தினப்படிப் பாடு. பெட்ரோலியம் கோக்கை (கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில மிஞ்சுற கரி) இடிச்சு, கீல் (தார் மாதிரிப் பசை) சேத்துப் பிசைஞ்சு, அழுத்திச் சுட்டு, பொறவு 2,800 டிகிரி பக்கம் ஏத்தினாத்தான் கிராஃபைட். முறுக்கு பிழியுற மாதிரி பிழிஞ்சா துகளெல்லாம் ஒரே திசையில படுத்துக்கிடும். துகளே அரை மில்லிமீட்டருக்கு மேலயும் இருக்கும். இன்னொரு வகையில நைஸ் பொடியை ரப்பர் பையில அடைச்சு, திரவத்துக்குள்ள வச்சு நாலாபக்கமும் அழுத்துவாங்க. அதுல துகள் 5, 10 மைக்ரான்தான், மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். உங்க பழசு அதுவாத்தான் இருக்கும்.

உதிருறதுக்கும் காரணம் உண்டு. 450, 500 டிகிரி தாண்டினா காத்துல கிராஃபைட் எரியத் தொடங்கும். துகளைவிட, அதை ஒட்டி வச்சிருக்க கீல்கரி முதல்ல போவும். பசை போனா ரவை நிக்குமா?

நகைத் தராசு இருக்குல்ல? ரெண்டோட மூடிப் பலகையையும் அளந்து எடை போடுங்க. துகள் அளவு அதுல தெரியாது, ஆனா நெருக்கம் தெரியும்.

பழைய_ஊதுகுழல்:
மக்கா, அவசரப்படாத. தழும்பு எந்த முகத்துல? உருகின வெள்ளி தன் கொள்ளளவைப் போல 20 மடங்கு ஆக்சிஜனைக் குடிக்கும், உறையும்போது துப்பும். அந்தக் குழி மேல்முகத்துல வரும். அச்சைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்ல. ஆடிச் சாரல்ல அச்சு ஈரம் குடிச்சாலும் ஆவி கிளம்பிக் குழி விழும். சூடாக்கித்தான ஊத்துத?

வடசேரி_பட்டறை:
சூடாக்கித்தான் பெரியப்பா. தழும்பு அச்சைத் தொட்ட முகத்துலதான், மேல்முகம் சுத்தம்.

எடையும் போட்டேன். ரெண்டு பலகையும் 60க்கு 40க்கு 15 மில்லிமீட்டர், அதாவது 36 கன சென்டிமீட்டர். பழசு 65.5 கிராம், புதுசு 60.8. கணக்குப் போட்டா ஒரு கன சென்டிமீட்டருக்குப் பழசு 1.82 கிராம், புதுசு 1.69. ஒரே அளவுக் கட்டியில அஞ்சு கிராம் காத்து வாங்கியிருக்கேன்!

கண்ணாடிமேல 600 நம்பர் உப்புத்தாளை விரிச்சுப் பழைய அச்சோட விளிம்பைத் தேச்சு மட்டமாக்கியாச்சு. இன்னைக்கு ஊத்தின கட்டி வழுவழுண்ணு வந்தது. புதுசுல இனிமே அரத்தூளை உருக்கி ஊத்துததோட சரி.