செயின் ‘ஸ்லாக்’குக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

செங்கோட்டை, பழுதுபார்ப்பு வகுப்பு ஆசிரியர்:

குழுமத்தாருக்கு வணக்கம். 100, 125 சிசி வண்டிகளுக்கான பராமரிப்பு அட்டை ஒன்றை வகுப்புச் சுவரில் மாட்டுவதற்காக அச்சிடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். டயர் பகுதி முடிந்துவிட்டது. டயரை டயர் என்றே விட்டுவிட்டேன். அதற்காக யாரும் மடல் எழுத வேண்டாம். செயின் பகுதியில் ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு என்ன பெயர்? பட்டறையில் ‘ஸ்லாக்’ என்போம், இல்லாவிட்டால் ‘லூஸ்’. ‘லூஸ்’ என்று எழுதினால் பையன்கள் அதைக் குறை என்று எண்ணி இறுக்கிவிடுகிறார்கள். போன வாரம் ஒருவன் வீணைத் தந்தி போல இறுக்கி வைத்திருந்தான். இருவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி அமுங்க, பின்சக்கரம் வண்டியின் உடலை நோக்கி மேலெழுந்தது. செயினுக்குப் போக இடமில்லை. கியர்பெட்டித் தண்டின் பேரிங் முனகத் தொடங்கியது.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

தொய்வு. துணி காயப்போடும் கொடி தொய்கிறதே, அதுதான். இதற்கு ஏன் ஒரு இழை?

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அம்மையார் அவசரப்படுகிறார். ‘தொய்வு’ சோர்வைச் சொல்வது. ‘பணிகளில் தொய்வு’ என்று செய்தித்தாளில் பார்க்கவில்லையா? ‘தளர்வு’ என்று யாராவது கிளம்புமுன் அதையும் அடைத்துவிடுகிறேன். 2020-இல் ஊரடங்குத் தளர்வு, கூடுதல் தளர்வு என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல் அரசாணையாகிவிட்டது.

நம்மிடம் ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று சும்மா கிடக்கிறது. குறள் 1236: ‘தொடியொடு தோள்நெகிழ’. தொடி என்றால் வளை. சங்கத் தலைவியின் வளை நெகிழாத பக்கம் உண்டா? வட்டமாகச் சுற்றி நிற்கும் உலோகம் தன் பிடியை விடுவது நெகிழ்தல். தொடியும் வட்டம், செயினும் வட்டம். ‘சங்கிலி நெகிழ்வு’ என்று எழுதுங்கள். ‘ஞெகிழ்’ என்ற பழைய வடிவத்தையும், சிலம்பைக் குறிக்கும் ‘ஞெகிழம்’ என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அணிகலனுக்கும் நெகிழ்ச்சிக்கும் உள்ள உறவு…

*(மீதி மூன்று பத்தியை இங்கே வெட்டியிருக்கிறேன், ஐயா மன்னிக்க. – மட்டுறுத்துநர்)*

யாழ்ப்பாணம்:

எங்கள் பக்கத்தில் ‘தொய்வு’ என்றால் ஆஸ்துமா. வண்டிக்குத் தொய்வு என்று அட்டையில் போட்டால் இங்கே வைத்தியரிடம்தான் கொண்டுபோவோம்.

புனலூர், டயர் கடை:

நான் தமிழ் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவு தாண்டிவிட்டால் எல்லாப் பட்டறையிலும் இதற்கு ‘அயவு’ என்பார்கள். மலையாளம்தான், ஆனால் புளியரையிலிருந்து வருகிற பையன்களுக்கும் பழக்கம். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை இந்தப் பக்கத்து மாநிலத்தில்தானே இருந்தது? தாத்தாக்களுக்குத் தெரிந்த சொல் பேரன்களுக்கு ஆகாதா?

டயரைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார் வாத்தியார். ஆனாலும் என் பிழைப்பு அது. டயரின் மேல்பரப்புக் கட்டைகள் தேய்ந்தால் அங்கே ‘பட்டன் தேய்ந்துவிட்டது’ என்கிறீர்கள். இங்கே ‘கட்ட’ தீர்ந்தது என்போம். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பின்டயரில்தான் கட்டை கட்டையாக இருக்கும். முன்டயரில் நீளவாக்கில் வரிகள். முன்டயருக்குப் ‘பட்டன்’ எப்படிப் பொருந்தும்? அட்டையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஜூனில் மழை பிடித்தால் இந்த மலைப்பாதையில் மொட்டை டயரோடு வருகிறவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்தது. வரி நன்றாக இருக்கிறதே என்று அதை இன்னும் ஓட்டுகிறார்கள். ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும்.

தென்காசி:

அயவு! புனலூர்த் தம்பிக்கு நன்றி. அது மலையாளம் என்று யார் சொன்னது? ‘அயா’ என்றால் தளர்ச்சி. களைப்பில் பெருமூச்சு விடுவதை ‘அயாவுயிர்த்தல்’ என்பது தெரியுமல்லவா? அயர், அயர்வு எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டுப் பெண் மலை தாண்டி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆயினும் என் முதல் வாக்கு ‘நெகிழ்வு’க்கே.

செங்கோட்டை:

> வட்டமாகச் சுற்றி நிற்கும் உலோகம் தன் பிடியை விடுவது நெகிழ்தல்

ஐயா, இந்த வரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வளை ஏன் நெகிழ்கிறது? வளை நீண்டதாலா? இல்லை, தோள் மெலிந்ததால். செயினும் அப்படித்தான். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். இரும்புத் தகடு ரப்பர் போல நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ளே இருக்கும் ‘பின்’ என்ற ஊசியும் அதைச் சுற்றியுள்ள ‘புஷ்’ என்ற குழலும் தேய்கின்றன. 110 கண்ணிகள் உள்ள செயினில் கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மொத்தத்தில் 11 மில்லிமீட்டர் கூடுகிறது. பின்பல்சக்கரத்தில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் எத்தனை முறை இறுக்கினாலும் பயனில்லை. செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் செட்டோடு மாற்ற வேண்டியதுதான்.

அதனால்தான் ‘நெகிழ்வு’ வேண்டாம் என்கிறேன். உங்கள் தலைவியின் நெகிழ்வு தேய்வால் வந்தது. நான் கேட்பது தேய்வால் வருவதை அல்ல, புதுச் செயினிலும் நாமே கணக்குப் பார்த்து விட்டுவைப்பதை. இன்னொன்று, ‘நெகிழி’ என்றால் பிளாஸ்டிக் என்று பையன்கள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள்.

என் மனத்தில் ‘ஆட்டம்’ இருந்தது. இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “ஆட்டம் எவ்வளவு இருக்கிறது, பார்” என்றதும், முன்வரிசைப் பையன் செயினைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துவிட்டு, “பேரிங் சரியாக இருக்கிறது சார்” என்றான். அவன் மேல் பிழையில்லை. பட்டறையில் ‘ஆட்டம்’ அந்த வேலைக்கு எப்போதோ அமர்ந்துவிட்டது.

புனலூர் நண்பருக்கு: அட்டையில் ‘முன்டயர் வரி, பின்டயர் பட்டன்’ என்றே போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொல் தேடி இன்னொரு வாரம் போக்க எனக்குத் தெம்பில்லை.

மதுரை:

நாமே விடுவது என்றால் ‘விடுதொய்வு’. வினைத்தொகை. விட்ட தொய்வு, விடுகிற தொய்வு, விடும் தொய்வு. ஆறு மாதம் கழித்து இறுக்கும்போதும் பொருந்தும். தேய்ந்து தானாக வருவது வெறும் தொய்வு.

தென்காசி:

இலக்கணம் சரி, வல்லினம் மிகாமல் எழுதியதற்கும் பாராட்டு. ஆனால் இதை எந்த மெக்கானிக் வாயால் சொல்வான்?

மதுரை:

‘சங்கிலி நெகிழ்வு’ என்று சொல்வானா ஐயா?

புனலூர்:

இரண்டையும் சொல்ல மாட்டான். அதற்கிடையில் ஒரு வேண்டுகோள். பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றக் கூடாது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுங்கள். அதில் ஏற்கெனவே அழுக்கும் இரும்புப் பொடியும் இருக்கும். சாலை மணலும் சேர்ந்தால் அரம் வைத்துத் தேய்ப்பது போலத்தான். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, 90-ஆம் எண் கியர் ஆயில் விட்டால் போதும்.

செங்கோட்டை:

வியாழன் இரவு பதினொன்றரை. ஆறு பேர் ‘விடுதொய்வு’, இரண்டு பேர் ‘அயவு’, ஐயா ஒருவர் ‘நெகிழ்வு’. யாழ்ப்பாண நண்பரின் ஆஸ்துமா ஆட்சேபணை அப்படியே நிற்கிறது. அதற்கு என்னிடம் விடையில்லை. ‘விடுதொய்வு / ஸ்லாக்’ என்று இரண்டையும் போட்டு அனுப்பிவிட்டேன். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்பான செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்ற வரி இந்தச் சண்டையில் விடுபட இருந்தது. கடைசி நிமிடத்தில் சேர்த்தேன்.

புனலூர்:

எங்கள் கடைக்கும் இரண்டு அட்டை அனுப்புங்கள். அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் தாள் ஒட்டி ‘அயவு’ என்று எழுதிக்கொள்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.