கோதண்டராமர் கோயில் பக்கம் செங்கல் நிற உள்ளான்: ரெட் நாட்டா?

கேள்வி – அலையாத்தி
தனுஷ்கோடி போகிற வழியில், கோதண்டராமர் கோயிலைச் சுற்றித் தேங்கின தண்ணியில் கொசு உள்ளான் (ரொம்பச் சின்னக் கரைப்பறவை) கூட்டம். நடுவில் மூணு பறவை, கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறம், உடம்பும் பெரிசு. ஏப்ரல் மூணாவது வாரம். ரெட் நாட்ங்கிற கரைப்பறவைனு, பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் போட்டால் அபூர்வம்னு விவரம் கேட்குது. படம் தூரத்தில் எடுத்தது, கானல் வேற. எதை வச்சு உறுதி செய்யறது?

பதில் – உப்பளத்தான்
நிறத்தை நம்பாதீங்க. ஏப்ரலில் இனப்பெருக்க கால இறகு நிறத்துக்கு மாறும் கர்லூ சாண்ட்பைப்பர்ங்கிற உள்ளானும் இதே சிவப்புதான். இங்கே சாதாரணமா வர்றது அதுதான். அலகு தலையை விட நீளமா, ஒரே சீரா கீழே வளைஞ்சு, கால் கருப்பா நீண்டிருந்தா கர்லூ. ரெட் நாட்டுக்கு அலகு நேர், ஏறக்குறைய தலை நீளம். கால் குட்டை.

அளவும் ஏமாத்தும். கொசு உள்ளான் 12–14 செ.மீ.தான், அது பக்கத்தில் எதுவும் பெரிசாத் தெரியும். பவளக்கால் உள்ளானோடு (ரெட்ஷாங்க்) ஒப்பிடுங்க.

பதில் – சேத்துக்கால்
முடிவு சொல்றது பிட்டம், அதாவது வாலுக்கு மேலே இருக்கும் முதுகுப் பகுதி. கர்லூவுக்குப் பறக்கும்போது வெள்ளை, ரெட் நாட்டுக்குச் சாம்பல் கோடுகள். அதுக்காக விரட்டாதீங்க: சைபீரியா வரை பறக்கச் சேர்த்த கொழுப்பு வீணாப்போகும். இறகு கோதி முடிச்சதும் தானா இறக்கையைத் தூக்கும். அப்போ தொடர்ச்சியா படம் எடுங்க. வெள்ளை மணலில் பறவை கருத்துப்போகும், கேமராவில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 கூட்டி வைங்க. ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் கானலில் நேரான அலகும் வளைஞ்சுதான் தெரியும்.

நெஞ்சில் அடர்ந்த கரும்புள்ளி, தோளில் செம்பழுப்பு இருந்தா அது கிரேட் நாட்ங்கிற இன்னொரு இனம். இந்தக் கரையில் ரெட் நாட்டை விட அதுக்கே வாய்ப்பு அதிகம்.

பதில் – உப்பளத்தான்
திரும்பப் போனா ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையை மட்டும் நம்பிப் போகாதீங்க. பாக் நீரிணையில் ஓதம் ஒரு மீட்டர் கூட ஏறாது, சேறு தெரியறதும் மறையறதும் பெரும்பாலும் காற்றால்தான்.

படத்தில் அலகு தெளிவா இல்லேன்னா பதிவை ‘இனம் தெரியாத கரைப்பறவை’ன்னு மாத்திடுங்க. விவரப் பெட்டியில் ‘சிவப்பா இருந்தது’ பத்தாது; அலகு, கால், பிட்டம், பக்கத்தில் நின்ன பறவை நாலையும் எழுதி, வெட்டாத மூலப்படத்தையும் ஏத்துங்க.