டாட்டூ கடைக்கு என்ன லைசென்ஸ் எடுக்கணும்?

வணக்கம் மக்களே, தம்பி மதுரையில சின்னதா டாட்டூ, பியர்சிங் கடை போடப் போறான். 2024 டிசம்பர்ல திருச்சியில ஒரு டாட்டூ கடையில நாக்கைப் பிளந்து விட்டு அது போலீஸ் கேஸ் ஆகி கடைக்கு சீல் வச்சதுல இருந்து அம்மாவுக்கு ஒரே பயம், அதனால பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கணும். டாட்டூவுக்குன்னு தனி சட்டம் இல்லாததால மாநகராட்சியில தொழில் உரிமம் எந்தப் பிரிவுல கேக்குறதுன்னே புரியல, அழகு நிலையம்னு போட்டா செல்லுமா?

அப்புறம் முக்கியமா ஊசி. ஒரு ஆளுக்கு ஒரு ஊசி, அவங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறது, அதுல தம்பி ரொம்ப கறார். ஆனா யூஸ் பண்ண ஊசிய குப்பையில போட்டா தூய்மைப் பணியாளர் கையில குத்திடும், ஹெபடைடிஸ் பி, எச்ஐவி எல்லாம் அப்படியும் வருமே. ஆஸ்பத்திரியில வைக்கிற மாதிரி குத்தாத வெள்ளை டப்பாவுல சேத்து வச்சா, மருத்துவக் கழிவு எடுக்குறவங்க சின்னக் கடைக்கு வருவாங்களா? கடை நடத்துற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.